ஹைபிரிட் காரில் ஒரே நேரத்தில் பல எச்சரிக்கைகள்: பெரிய பற்றரியை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி
எழுதியவர்: வன்னிமண்

வணக்கம். நான் கிளிநொச்சியில் வசிக்கிறேன். ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிய பின் இங்கு இறக்குமதியான, 2013 ஆம் ஆண்டுத் தயாரிப்பான சிறிய ஹைபிரிட் கார் ஒன்றை ஆறு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். 1.5 லீட்டர் இயந்திரம், 144 வோல்ட் நிக்கல் வகைப் பெரிய பற்றரி. இதுவரை 138,000 கிலோமீட்டர் ஓடியுள்ளது. எண்ணெய் மாற்றுவதையும் பிரேக் பார்ப்பதையும் தவிர வேறு செலவு எதுவும் இந்த வண்டி எனக்கு வைத்ததில்லை.

சென்ற மாதம் அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காக ரயிலில் கொழும்பு சென்று ஒன்பது நாட்கள் தங்கினோம். திரும்பி வந்து காரின் பொத்தானை அழுத்தியபோது சிவப்பு முக்கோணம், ஏபிஎஸ், பிரேக், ஸ்டியரிங் ஆகிய விளக்குகள் அனைத்தும் ஒன்றாக எரிந்தன. திரையில் ஜப்பானிய எழுத்தில் ஒரு செய்தியும் வந்தது. மகன் அதைப் படமெடுத்து அலைபேசியில் மொழிபெயர்த்தபோது, ஹைபிரிட் அமைப்பைப் பரிசோதிக்கும்படி சொல்வதாகத் தெரிந்தது. மூன்றாவது தடவை அழுத்தியபோதுதான், வண்டி ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு எரிந்தது. பரந்தன் வரை ஓட்டிச் சென்று, நிறுத்தி மீண்டும் இயக்கியபோது எல்லா விளக்குகளும் அணைந்துவிட்டன. மூன்று நாட்கள் கழித்து, காலையில் மறுபடியும் அதே நிலை.

ஒரு கராஜில் ஸ்கேனர் பொருத்திப் பார்த்துவிட்டு, "பற்றரி என்று வருகிறது, ஹைபிரிட் பற்றரியை மாற்றத்தான் வேண்டும்" என்றார்கள். பல இலட்சம் ரூபாய் ஆகும் என்கிறார்கள். நல்லவேளையாக, ஸ்கேனர் திரையை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அதில் யு0100, யு0111, யு0293 என்ற மூன்று குறியீடுகளும், சி என்று தொடங்கும் இரண்டு குறியீடுகளும் உள்ளன. யு0111 க்கு எதிரேதான் பற்றரி என்ற சொல் இருக்கிறது.

இரண்டு விடயங்களை அறிய விரும்புகிறேன். இந்தக் குறியீடுகள் உண்மையில் பெரிய பற்றரி பழுதாகிவிட்டதாகத்தான் சொல்கின்றனவா? அம்மாவை வாரம் ஒருமுறை யாழ்ப்பாணத்துக்குக் கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதால், அதுவரை இந்த வண்டியை நம்பி ஓட்டலாமா?


பதில் 1
எழுதியவர்: மின்மானி

வணக்கம். அம்மா நலமாக இருக்கிறார் என்று நம்புகிறேன். பணம் எதையும் கொடுப்பதற்கு முன் கேட்டது நல்லதாயிற்று. நான் பல ஆண்டுகள் ஹைபிரிட் வாகனங்களில் வேலை செய்தவன். இப்படிப்பட்ட பட்டியலை வைத்துக்கொண்டு நல்ல பற்றரிகளைக் கழற்றி எறிந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குறியீடுகளைப் படிப்போம். முதல் எழுத்து, பழுது எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதைச் சொல்கிறது. பி என்றால் இயந்திரமும் ஓட்டும் அமைப்பும். சி என்றால் பிரேக், ஸ்டியரிங் போன்ற அடிப்பகுதி. பி என்றே ஒலிக்கும் இன்னொரு எழுத்து உடற்பகுதியைக் குறிக்கும். யு என்பது கணினிகளுக்கு இடையேயான தொடர்பு வலையமைப்பு. உங்கள் மூன்று முக்கியக் குறியீடுகளும் யு வகையைச் சேர்ந்தவை. யு0100 என்றால் இயந்திரக் கணினியுடன் தொடர்பு அறுந்தது. யு0293 என்றால் ஹைபிரிட் கட்டுப்பாட்டுக் கணினியுடன் தொடர்பு அறுந்தது. யு0111 என்றால் பற்றரியைக் கண்காணிக்கும் கணினியுடன் தொடர்பு அறுந்தது. யு0111 பற்றரியின் நிலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பற்றரியைப் பார்த்துக்கொண்டிருந்த கணினி சில நொடிகள் பேசாமல் இருந்தது என்று மற்றொரு கணினி எழுதி வைத்த முறைப்பாடு அது. கராஜில் இருந்தவர் அந்த வரியில் பற்றரி என்ற சொல்லை மட்டும் பார்த்திருக்கிறார் என்பதே என் எண்ணம். பெரிய பற்றரி உண்மையில் தளர்ந்திருந்தால் பெரும்பாலும் பி0ஏ80 என்ற குறியீடு வந்திருக்கும். உங்கள் பட்டியலில் அது இல்லை.

பல கணினிகள் ஒரே நேரத்தில் வாயடைத்துப் போயிருந்தால், அவை அனைத்துக்கும் பொதுவாக உள்ளது எது என்றுதான் முதலில் தேட வேண்டும். அவை அனைத்துக்கும் உணவளிப்பது 12 வோல்ட் சிறிய பற்றரி. ஹைபிரிட் காரில் இயந்திரத்தைச் சுழற்றித் தொடக்குவது பெரிய பற்றரியின் மின்சாரத்தால் இயங்கும் மோட்டார் என்பதால், சிறிய பற்றரிக்கு அந்தப் பாரம் இல்லை. சாதாரண வண்டியில் பற்றரி தளரும்போது ஸ்டார்ட்டர் முனகிச் சுழலும். ஓட்டுநர் அந்தச் சத்தத்தைக் கேட்டே தெரிந்துகொள்வார். இங்கே அந்த முன்னறிவிப்புக் கிடையாது. ஆனால் எல்லாக் கணினிகளையும் எழுப்புவதும், பெரிய பற்றரியை வண்டியுடன் இணைக்கும் பிரதான ரிலே எனும் மின்சுவிட்சுகளை இயக்குவதும் இந்தச் சிறிய பற்றரிதான். காலையில் அதன் மின்னழுத்தம் (வோல்ட் அளவு) சரிந்தால் ஒரு கணினி எழும், இன்னொன்று பாதியில் விழும். எழுந்தது விழுந்ததைப் பற்றி முறைப்பாடு எழுதும். ஏபிஎஸ், பிரேக் விளக்குகள் எரிவதும் அதனால்தான். பல ஹைபிரிட்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தவுடனேயே பிரேக்கின் மின்பம்பு ஓடி பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைச் சேமிக்கிறது. கதவைத் திறக்கும்போது ஒரு சிறு உறுமல் கேட்டிருப்பீர்களே, அதுதான். அந்தப் பம்பு 12 வோல்ட் பற்றரியில் இருந்து கணிசமான மின்சாரத்தை இழுக்கிறது.

பரந்தன் வரை ஓட்டியதும் எல்லாம் சரியானதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். சாதாரண வண்டியில் இயந்திரத்தால் சுழன்று பற்றரிக்கு ஏற்றும் ஆல்ட்டர்னேட்டர் உங்கள் காரில் கிடையாது. ரெடி விளக்கு எரியும்போது மட்டும், பெரிய பற்றரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றதாக மாற்றும் இன்வேர்ட்டருடன் இருக்கும் டிசி-டிசி மாற்றி, அதே மின்சாரத்தின் வோல்ட் அளவைக் குறைத்துச் சிறிய பற்றரிக்கு ஏற்றுகிறது. ரெடி வராமல், வானொலி போன்றவை மட்டும் இயங்கும் ஏசிசி நிலையில் உட்கார்ந்து வானொலி கேட்டால் ஏற்றம் எதுவும் நடக்காது, இறக்கம் மட்டும்தான்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். மல்டிமீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியைப் பூட்டி இரவு முழுவதும் விட்டுவிட்டு, காலையில் யாரும் அதைத் தொடுவதற்கு முன் 12 வோல்ட் பற்றரியின் முனைகளில் அளந்து பாருங்கள். நிறைந்த பற்றரி 12.6 முதல் 12.8 வரை காட்டும்; 12.2 என்றால் ஏறத்தாழ பாதி, 12.0 க்குக் கீழே என்றால் அநேகமாக வெறுமை. பின்னர் பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை இரண்டு தடவை அழுத்தி, ரெடி வராத ஆன் நிலைக்குக் கொண்டுவந்து, முன்விளக்கை எரியவிட்டு மீண்டும் பாருங்கள். அந்தப் பாரத்தில் ஒரு நிமிடத்துக்குள் 11.5 க்குக் கீழே இறங்கினால் பற்றரியில் வலு இல்லை. கடைசியாக ரெடி நிலையில் அளந்து பாருங்கள், 13.5 க்கும் 14.5 க்கும் இடையே ஏதோ ஓர் எண் நிலையாக நிற்க வேண்டும். நின்றால் டிசி-டிசி மாற்றி நலமாக இருக்கிறது. 12 ஐச் சுற்றியே நின்றால், சிறிய பற்றரியை மாற்றினாலும் பயன் இல்லை. மாற்றி அல்லது அதன் உருகி பழுது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை அந்தக் கடைசி அளவில் இருக்கிறது. ரெடி நிலையில் 14 ஐ ஒட்டி நின்றால், ஒருமுறை புறப்பட்ட வண்டி சிறிய பற்றரியின் தளர்ச்சியால் நடுவழியில் நிற்பது அரிது. ஆனால் யாழ்ப்பாணத்தில் நிறுத்திய பின் மீண்டும் எழாமல் போகலாம். 14 நிற்காவிட்டால் அம்மாவை அதில் ஏற்ற வேண்டாம். ஓடும்போது சிவப்பு முக்கோணம் வந்து அணையாமல் நின்றாலும் ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். குறியீடுகளை யாரையும் அழிக்க விடாதீர்கள். குறியீடு பதிவான நொடியில் மின்னழுத்தம், வேகம், வெப்பம் ஆகியவை எவ்வளவு இருந்தன என்பதை வண்டி சேமித்து வைக்கிறது. ஃபிரீஸ் ஃபிரேம் என்பார்கள். அழித்தால் அதுவும் போய்விடும்.


பதில் 2
எழுதியவர்: கடலோரம்

மின்மானி ஐயா சொன்ன வரிசையை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனாலும் 12 வோல்ட் பற்றரியை மாற்றியவுடன் விடயம் முடிந்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எனக்கு நடந்தது வேறு. திருகோணமலையில் கடலுக்கு அருகே குடியிருக்கிறோம். எங்கள் ஹைபிரிட்டில் முக்கோணம் எரிந்தபோது, நானும் முதலில் சிறிய பற்றரியைத்தான் மாற்றினேன். இரண்டு வாரத்தில் மீண்டும் வந்தது. ஹைபிரிட் கணினியையும் படிக்கக்கூடிய ஸ்கேனர் வைத்திருந்த ஒருவரிடம் காட்டியபோது பி0ஏ80 பதிவாகியிருந்தது.

பி0ஏ80 வந்தால் கூட முழுப் பற்றரியையும் உடனே மாற்றிவிட வேண்டும் என்பதில்லை. அந்தக் குறியீடு பெரும்பாலும் பெரிய பற்றரியின் உட்பகுதிகளான பிளாக்குகளுக்கு இடையேயான மின்னழுத்த வேறுபாட்டை வைத்தே எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டாக, டொயோட்டாவின் மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் ஹைபிரிட் காரில் 28 மாட்யூல்கள் உள்ளன, ஒவ்வொன்றிலும் 1.2 வோல்ட் கொண்ட 6 செல்கள். மொத்தம் 201.6 வோல்ட். கணினி இந்த மாட்யூல்களை இரண்டு இரண்டாகச் சேர்த்து 14 பிளாக்குகளாக அளக்கிறது. ஒரே ஒரு செல் இறந்தாலும் அதன் பிளாக் மற்றவற்றைவிட ஒரு வோல்டுக்கு மேல் தாழ்ந்து நிற்கும். எங்கள் வண்டியில் ஒரு பிளாக் மட்டும் அப்படித் தாழ்ந்து நின்றது. பற்றரியைத் திறந்து பார்த்தபோது மாட்யூல்களை இணைக்கும் செப்புத் தகடுகளும், அழுத்தத்தை அளக்கும் கம்பிகளின் முனைகளும் பச்சையாகப் பூத்திருந்தன. பயிற்சி பெற்றவர் அவற்றைச் சுத்தம் செய்து, சிலவற்றைப் புதிதாக மாற்றி, திருகுகளை உரிய இறுக்கத்தில் பொருத்தினார். வேறுபாடு மறைந்துவிட்டது. மாட்யூல் நல்லதுதான்; அளவுதான் பொய்யாக வந்திருக்கிறது.

ஆகவே வன்னிமண் அவர்கள் 12 வோல்ட் சோதனையுடன் சேர்த்து பிளாக் அழுத்தங்களையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மலிவான புளூடூத் அடாப்டர் ஒன்றும் ஹைபிரிட் கணினியைப் படிக்கக்கூடிய செயலி ஒன்றும் போதும். சாதாரணச் செயலிகள் இயந்திரக் கணினியை மட்டும் படித்துவிட்டு, பழுது எதுவும் இல்லை என்று சொல்லிவிடும். அதை நம்பக் கூடாது. வண்டி நிற்கும்போது சற்றுத் தளர்ந்த பிளாக்கும் பெரும்பாலும் மற்றவற்றுடன் ஒத்துத்தான் நிற்கும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் திரையைப் பார்க்க, வேகமாக முடுக்கும்போதும் நீண்ட பிரேக் பிடிக்கும்போதும் எந்தப் பிளாக் மற்றவற்றிலிருந்து விலகுகிறது என்று கவனியுங்கள். தளர்ந்தது முடுக்கும்போது முதலில் கீழே போகும், ஏற்றும்போது முதலில் மேலே போகும். பொதுவாக நடுவில் உள்ள மாட்யூல்கள் அதிகமாகச் சூடாவதால் அவையே முதலில் தளர்கின்றன.

இன்னொன்று. பின் இருக்கைக்கு அருகே பற்றரியின் காற்று உள்ளிழுக்கும் துவாரம் இருக்கும். வன்னியின் செம்மண் தூசிக்கு அந்த வலையும் விசிறியும் அடைபடாமல் இருந்தால்தான் வியப்பு. அந்த விசிறி காருக்குள் இருக்கும் காற்றைத்தான் இழுக்கிறது. கதவுக் கண்ணாடிகளைத் திறந்துவிட்டு மதிய வெயிலில் ஓட்டினால் பற்றரிக்கும் அதே சூடும் தூசியும்தான் கிடைக்கும்.

பற்றரியை நீங்களே திறக்க வேண்டாம். ஆரஞ்சு நிறக் கம்பிகள் எங்கே கண்டாலும் கையை எடுத்துவிடுங்கள். பற்றரி 144 வோல்ட்தான் என்றாலும், உங்களுடையது போன்ற வண்டிகளில் இன்வேர்ட்டர் அதை 500 வோல்டுக்கு மேல் உயர்த்துகிறது. தொழில் தெரிந்தவர் 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை அணிந்து, பெரிய பற்றரியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சேவைப் பிளக்கைக் கழற்றித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இன்வேர்ட்டரின் மின்தேக்கிகள் வெறுமையாவதற்குப் பத்து நிமிடம் காத்திருந்து, மீட்டரில் பூச்சியம் பார்த்த பிறகுதான் தொடுவார். அந்தப் பத்து நிமிடத்தைக் காக்காதவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.


பதில் 3
எழுதியவர்: வன்னிமண்

இருவருக்கும் மிக்க நன்றி. அம்மா நலமாக இருக்கிறார். இந்த வாரம் பேருந்தில் அழைத்துச் சென்றோம்.

ஐயா சொன்னபடி அளந்தேன். இரவு முழுவதும் பூட்டியிருந்த பிறகு காலை ஆறு மணிக்கு 11.9 வோல்ட். ஆன் நிலையில் முன்விளக்குடன் அரை நிமிடத்தில் 10.2 க்கு வந்துவிட்டது. திரையில் அந்த ஜப்பானியச் செய்தியும் வந்தது. ரெடி நிலையில் 14.1, ஏசி போட்ட பிறகும் 14.0. பற்றரியின் மேல் ஒட்டியிருந்த துண்டில் இருந்த திகதியைப் பார்த்தால் அது ஏழு ஆண்டு பழையது. நான் இந்த வண்டியை வாங்கிய நாள் முதல் மாற்றியதே இல்லை. அப்படி ஒன்று பின்னால் இருக்கிறது என்பதே பலகாலம் எனக்குத் தெரியாது.

மற்றொன்றும் நினைவுக்கு வந்தது. சென்ற ஆண்டு முன்கண்ணாடியில் ஒரு கேமரா பொருத்தினோம். வண்டி நிற்கும்போதும் அதில் ஒரு சிறிய நீல விளக்கு எரிகிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?


பதில் 4
எழுதியவர்: மின்மானி

நிச்சயமாக இருக்கலாம். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் கம்பியை மாற்றிச் செருகி, பற்றரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, இடையே மீட்டரை இணையுங்கள். டிக்கிக் கதவின் பூட்டைத் திருப்புளியால் மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டு, சாவியை வீட்டுக்குள் தொலைவில் வைத்துவிட்டு, அரை மணி நேரம் காத்திருங்கள். கணினிகள் உறங்கிய பிறகு வரும் எண்தான் உண்மையானது. மீட்டர் இணைந்திருக்கும்போது கதவைத் திறக்கவோ பொத்தானை அழுத்தவோ வேண்டாம். பிரேக் பம்பு ஓடினால் மீட்டரின் உருகி போய்விடும்.

20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு. அதற்கு மேல் வந்தால் கேமராவைக் கழற்றிவிட்டு மீண்டும் பாருங்கள். ஸ்மார்ட் சாவியையும் வண்டிக்கு அருகே தொங்கவிடாதீர்கள். சாவி அருகில் இருந்தால் வண்டி அதனுடன் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும்.

புதிய பற்றரி வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் பற்றரி பயணிகள் இருக்கும் பகுதிக்குள் உள்ளது. ஏற்றத்தின்போது வெளிவரும் வாயு உள்ளே தங்காமல் இருக்க, வெளியே செல்லும் சிறு குழாய் பொருத்தும் வசதியுள்ள வகையே வேண்டும். பொனட்டின் கீழே வைக்கும் சாதாரணத் திரவப் பற்றரியை அங்கே வைப்பது ஆபத்து. முனைகளின் அளவும் பக்கமும் கூடப் பொருந்த வேண்டும். நேர், எதிர் முனைகளை ஒரு நொடி மாற்றித் தொட்டாலும் பிரதான உருகி போய்விடும், டிசி-டிசி மாற்றியும் சேதப்படலாம். அதே காரணத்துக்காக, வேறு வண்டிகளுக்கு இந்தக் காரில் இருந்து மின்சாரம் கொடுத்துத் தொடக்க உதவ வேண்டாம். அயலவர் கேட்டால் மறுப்பது கடினம் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் மறுத்துவிடுங்கள்.

பற்றரியை மாற்றும்போது எர்த் கம்பி உடற்தகட்டில் திருகப்பட்டிருக்கும் இடத்தையும் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். முன்விளக்கு எரியும்போது பற்றரியின் எதிர்முனைக்கும் உடற்தகட்டுக்கும் இடையே அளந்தால் 0.1 வோல்டுக்கு மேல் வரக் கூடாது. இவ்வளவும் செய்த பிறகும் யு குறியீடுகள் திரும்பி வந்தால் மட்டும் தொடர்புக் கம்பிகளைச் சோதிக்கலாம். 12 வோல்ட் பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்கேனர் பொருத்தும் இணைப்பியின் 6 ஆம், 14 ஆம் முனைகளுக்கு இடையே தடையை அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் வர வேண்டும். கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருப்பதால் இணையாகப் பாதி. 120 வந்தால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூச்சியத்தை ஒட்டி வந்தால் கம்பிகள் ஒன்றோடொன்று தொடுகின்றன. எலி கடித்த கம்பிகளை இந்த ஒரு அளவிலேயே கண்டுபிடித்திருக்கிறேன்.


பதில் 5
எழுதியவர்: வாவிக்கரை

மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். நான் ஓர் ஆசிரியை, தொழிலில் இல்லை. என் காரில் நடந்ததை இங்கே பதிந்து வைப்பது பிறருக்கு உதவும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் திரையில் வந்த செய்தி வன்னிமண் அண்ணாவுக்கு வந்ததைப் போலவே இருந்தது, காரணமோ முற்றிலும் வேறு.

ஒரு கராஜில் ஏசிக்கு வாயு நிரப்பிய சில நாட்களில் ஹைபிரிட் எச்சரிக்கை வந்தது. 12 வோல்ட் பற்றரி புதியது. அளவுகள் எல்லாம் சரியாக இருந்தன. நான் கவனித்தது ஒன்றுதான்: ஏசியை அணைத்து ஓட்டினால் செய்தி வருவதில்லை, போட்டால் வருகிறது. அதை ஒரு தாளில் திகதி, நேரத்துடன் எழுதிக்கொண்டு கொழும்பில் ஒரு நிபுணரிடம் சென்றேன். பதிவாகியிருந்தது பி0ஏஏ6, உயர் அழுத்த மின்சாரம் உடற்தகட்டுக்குக் கசிகிறது என்று பொருளாம். அவர் அத்துடன் நிற்கவில்லை. அந்தக் குறியீட்டுக்குள் மூன்று இலக்கத் துணைக்குறியீடு ஒன்று இருக்கிறது என்று காட்டினார். 611 என்றால் ஏசிப் பகுதி, 612 என்றால் பற்றரிப் பகுதி, 613 என்றால் கியர்பெட்டியில் உள்ள மோட்டார்கள், 614 என்றால் இன்வேர்ட்டரை ஒட்டிய நேரோட்ட (டிசி) மின்சாரப் பகுதி. எனக்கு 611.

ஹைபிரிட்டின் ஏசிக் கம்பிரஸர் பெல்ட்டால் சுழல்வதில்லை. அதற்குள்ளேயே உயர் அழுத்த மோட்டார் இருக்கிறது, அந்த மோட்டாரின் செப்புச் சுருள்கள் கம்பிரஸர் எண்ணெயிலேயே நனைந்திருக்கின்றன. ஆகவே மின்சாரத்தைக் கடத்தாத எஸ்டர் வகை எண்ணெய்தான் போட வேண்டும். சாதாரண வண்டிகளுக்குப் போடும் பாக் எண்ணெய் கலந்தால், மின்சாரம் கசியாமல் தடுக்கும் காப்புத் தடை விழுந்துவிடுகிறது. எனக்கு அதுவே நடந்திருந்தது. கம்பிரஸரை மாற்றிக் குழாய்களைக் கழுவ வேண்டியதாயிற்று. பற்றரிக்கு ஒன்றுமே இல்லை. ஏசி வேலைக்குச் செல்லும்போது, எந்த எண்ணெய் போடப் போகிறீர்கள் என்று கேட்க நான் இப்போது தயங்குவதில்லை.


பதில் 6
எழுதியவர்: மின்மானி

ஆசிரியை அவர்கள் செய்தி வந்த நேரங்களைத் தாளில் எழுதி வைத்ததுதான் அந்த நிபுணரின் பாதி வேலையைக் குறைத்திருக்கும். ஏசி போட்டால் மட்டும், மழை பெய்த பின் மட்டும், இரவு முழுவதும் நின்ற பின் மட்டும், நீண்ட மேட்டுப் பாதையில் மட்டும் என்று ஓட்டுநர் சொல்லும் ஒரு வரி, எந்த மூலையில் தேடுவது என்பதைக் காட்டிவிடுகிறது. நீண்ட மேட்டுப் பாதையில் அல்லது கடும் வெயிலில் நெரிசலில் நின்றால் மட்டும் வருகிறது என்றால், நான் முதலில் பார்ப்பது இன்வேர்ட்டரைக் குளிர்விக்கும் மின்பம்பைத்தான். பொனட்டைத் திறந்து, ரெடி நிலையில் இன்வேர்ட்டர்க் குளிர்நீர்த் தொட்டியைப் பார்த்தால், பல வண்டிகளில் நீர் அசைவது கண்ணுக்கே தெரியும். அசையாமல் தேங்கி நின்றால் பம்பு ஓடவில்லை. பி0ஏ93 குறியீடும் பதிவாகியிருக்கும். சிறிய செலவில் முடியும் இந்தப் பழுதைக் கவனிக்காமல் விட்டால் இன்வேர்ட்டரே போய்விடும்.

பொருள் எதையும் மாற்றாமல் தீரும் காரணங்களும் உண்டு. 2014 பெப்ரவரியில் டொயோட்டா நிறுவனம் உலகெங்கும் ஏறத்தாழ 19 இலட்சம் மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் கார்களை மென்பொருளைத் திருத்துவதற்காகத் திரும்ப அழைத்தது. இன்வேர்ட்டரில் மின்னழுத்தத்தை உயர்த்தும் பகுதியின் டிரான்சிஸ்டர்கள் அளவு மீறிச் சூடாகி, எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, வண்டி வலுக் குறைந்த நிலைக்குப் போகக்கூடும் என்பதே காரணம். ஜப்பானில் இருந்து பழைய வண்டியாக வந்தவற்றுக்கு அத்தகைய திருத்தம் செய்யப்பட்டதா என்பதை, நிறுவனத்தின் ஜப்பானிய இணையதளத்தில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்க்க முடியும். எந்த நிறுவனத்தின் ஹைபிரிட் வைத்திருந்தாலும் இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.


பதில் 7
எழுதியவர்: வன்னிமண்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். நன்றாகச் சோதித்த பின் எழுத வேண்டும் என்றுதான் காத்திருந்தேன்.

கேமரா இணைந்திருந்தபோது 90 மில்லி ஆம்பியர் இழுத்தது. கழற்றிய பின் 20. ஒரு நாளைக்கு 2 ஆம்பியர்-மணிக்குச் சற்று மேல் போயிருக்கிறது. நாங்கள் கொழும்பில் இருந்த ஒன்பது நாட்களில் 19 க்கு மேல். புதிதாக இருந்தபோதே 35 ஆம்பியர்-மணிதான் கொள்ளளவு என்ற, ஏழு ஆண்டு பழைய பற்றரிக்கு அது தாங்காது என்பது கணக்குப் போட்டதும் விளங்கியது. கேமராவின் மின் இணைப்பை, வண்டி ஆன் ஆனால் மட்டும் மின்சாரம் வரும் உருகிக்கு மாற்றிவிட்டோம்.

புதிய பற்றரி பொருத்திய பின் காலையில் 12.7. முன்விளக்குடன் ஒரு நிமிடம் கழித்தும் 12.1. எர்த் கம்பியின் திருகில் உண்மையாகவே துரு இருந்தது. தேய்த்த பின் 0.03 வோல்ட். பழைய குறியீடுகளைப் படமெடுத்து வைத்துவிட்டுப் பிறகுதான் அழித்தேன். யாழ்ப்பாணத்துக்கு மூன்று தடவை போய் வந்தாகிவிட்டது. ஆனையிறவு வெளியில் நண்பகல் வெயிலிலும் எந்த விளக்கும் வரவில்லை, ஒரு குறியீடும் திரும்பவில்லை.

கடலோரம் அவர்கள் சொன்னபடி மகன் திரையைப் பார்க்க, நான் ஓட்டினேன். வேகமாக முடுக்கும்போது பிளாக்குகளுக்கு இடையே அதிகபட்ச வேறுபாடு 0.4 வோல்ட். நடுவில் உள்ள ஒன்றே எப்போதும் சற்றுக் கீழே இருக்கிறது. பற்றரி விசிறியின் வலையில் இருந்து எடுத்த தூசி ஒரு கைப்பிடி இருக்கும். ஐப்பசி மழைக்கு முன் மீண்டும் அளந்து இங்கே எழுதுகிறேன்.


பதில் 8
எழுதியவர்: மின்மானி

மிகவும் மகிழ்ச்சி. 0.4 என்பது இந்த வயதுக்குக் கவலைப்பட வேண்டிய அளவன்று. அதே பிளாக் ஒவ்வொரு தடவையும் மேலும் மேலும் விலகுகிறதா என்பதை மட்டும் பார்த்துவாருங்கள். ஒன்று கேட்க மறந்துவிட்டேன். புதிய பற்றரியில் வாயு வெளியேறும் குழாயைச் செருகினார்களா?


பதில் 9
எழுதியவர்: வன்னிமண்

இப்போதுதான் டிக்கியைத் திறந்து பார்த்தேன், ஐயா. குழாய் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. செருகிவிட்டேன்.